டீ முறையில் இல்லாதவன்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எங்கே எந்த ‘ல’ போடுவது என்பதும் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1993-இல் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போவேன். லாரி வரும்வரை வேலை இல்லை. சில நாள் மத்தியானம்வரை வராது. மற்றவர்கள் பேசிச் சிரிப்பார்கள். எனக்குப் பேச்சு வராது.

ஒரு நாள் விழுப்புரத்தில் நூலக வாசலில் கழித்துப்போட்ட பழைய நாவல்கள் கிடந்தன. “சும்மாதான், எடுத்துக்கினு போய்யா” என்றார் அங்கிருந்தவர். ஒன்றை எடுத்து வந்து, மூட்டையில் சாய்ந்தபடி எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“இன்னாய்யா அது, சோறு மாதிரி முழுங்கற? எங்களுக்கும் சொல்லு” என்றார் எங்கள் மேஸ்திரி. புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். யார் முகமும் தெரியாததால் குரல் வந்தது. கப்பலேறிப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. தினம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினேன். எங்களில் ஆளுக்கொரு நாள் டீ வாங்கி வர வேண்டும். “இனிமே உனக்கு முறை கெடையாது, நீ படி” என்றார் மேஸ்திரி. அன்று ரயிலில் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

ஆனால் கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. எல்லோரும் காத்திருந்தார்கள். சொல்ல மனம் வரவில்லை. கிழிந்த இடத்தைப் பார்த்தபடியே, அவன் திரும்பி வந்தான், அவள் ஓடிவந்து கதவைத் திறந்தாள் என்று நானாகப் படித்தேன். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் எத்தனையோ நாவல்கள் படித்துக் காட்டியும் அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது.

பல வருடம் கழித்து மகள் ஒரு செல்போன் கொடுத்தாள். பழைய நாவல்கள் அதில் இலவசமாகக் கிடைத்தன. அந்த நாவலும் இருந்தது. கணவன் வந்து தட்டுகிறான். அவள் கதவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனதும் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். இந்த முறை முகத்தை மறைக்கப் புத்தகம் இல்லை.

மேஸ்திரி முறைத்தார். “அடப்பாவி! இத்தினி வருசமா அவங்க நல்லா குடும்பம் நடத்திக்கினு இருக்காங்கன்னு நெனச்சனே. இப்ப வந்து கதவ சாத்திட்டியே! போ, இன்னிக்கி டீ நீதான் வாங்கியாரணும்.”

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

“ஜல்தி வாய்யா” என்று பின்னாலிருந்து கத்தினார். “அவ ஏன் தொறக்கலன்னு படிச்சிக் காட்டணும். அதுவரிக்கும் எவனும் டீயத் தொடமாட்டான்.”

இதை எழுதி முடித்தது: 9.6.2014