கழுவாமல் தைத்த காயம்

என் கைத்தவறால் ஒரு மீனவர் காலை இழந்தார். அதை ஆறு ஆண்டுகள் மறைத்தேன்.

புயலுக்கு மறுநாள், நெம்மேலி அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். செங்கல்பட்டிலிருந்து போன ஒரே டாக்டர் நான். பறந்து வந்த தகரம் வெட்டிய கெண்டைக்காலோடு ஏழுமலை வந்தார். சேறு புகுந்த காயத்தை நன்றாகக் கழுவி, தைக்காமல் திறந்து வைக்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் அதிகாரிகள் பார்வையிட வரும் நேரம். மேலாகத் துடைத்து, அழகாகத் தைத்து அனுப்பிவிட்டேன். உள்ளே சீழ் பிடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். "லேட்டா வந்தா அப்படித்தான்" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஓய்வு பெற்றபின் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். செயற்கைக் கால் வாங்கித் தருவதாகவும் சொன்னேன்.

"தெரியும் சார். கால எடுக்கறப்பவே அங்க பேசிக்கினு இருந்தாங்க," என்றார் ஏழுமலை. "ஒரு கட்டக்காலு கீது. இன்னொண்ணு இன்னாத்துக்கு?"

அவர் மனைவி எழுந்து உள்ளே போனார். விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு குடம் தண்ணீரோடு வந்து, சிப்பி கிழித்திருந்த தன் உள்ளங்கையை என் முன் நீட்டினார்.

"இந்த தபாவாவது கழுவு சார்."

குடம் காலியாகும்வரை கழுவி, தைக்காமல் கட்டுப் போட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்மேல் எனக்கே இல்லாத நம்பிக்கை அது.

மன்னித்ததாக இருவரும் சொல்லவில்லை. மறுநாள் கட்டு மாற்ற வரச் சொன்னார்கள். போனேன்.