தானாகவே என்ற கட்டம்

வெர்னா கோஸ்கி யாருக்காவது உதவி செய்துவிட்டால், திருடிவிட்டுப் போகிறவளைப் போல ஓடுவாள். அமெரிக்காவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில் அவளுடைய ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். பக்கத்து வீட்டு வாசலில் இடுப்பளவு கிடக்கும் பனியை வாரித் தள்ளிவிட்டு, அவர்கள் திரைச்சீலையை விலக்குவதற்குள் மறைந்துவிட வேண்டும். மறுநாள் அவர்கள் கேட்டால், "காத்து தள்ளியிருக்கும்" என்று சொல்லிப் பேச்சை மாற்ற வேண்டும். செய்ததைச் சொல்லிக்காட்டுவதைவிடக் கேவலம் அங்கே வேறில்லை.

முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடம், ஊர்ப் பள்ளியில் உதவியாளராகப் பதினெட்டு வருடம். தன் முதுகு பிடித்துக்கொள்ளாமல் பிறரைத் தூக்கத் தெரியும். பிடிவாதக்காரர்களுக்குச் சட்டை போட்டுவிடத் தெரியும். அறுபத்தொரு வயதாகியும் கையைச் சும்மா வைத்திருக்க மட்டும் தெரியாது. "என் காப்பிய நானே கலக்கிக் குடிக்கணும்னா, இவ தும்முற நேரம் பாத்துத்தான் கலக்கணும்" என்பார் கணவர் ரெய்னோ.

நான்கு வருடமாக அவளுடைய பொறுப்பு டில்டா மார்க்கெட்டி. ஐந்தாம் வகுப்பு. பெருமூளை வாதத்தால் இரண்டு கால்களிலும் விறைப்பு, வலது கை பாதிதான் சொல்பேச்சுக் கேட்கும். வாய் மட்டும் மூன்று பேருக்குக் காணும்.

டில்டாவுக்குப் பள்ளி என்னென்ன செய்துதர வேண்டும் என்று ஆண்டுதோறும் எழுதிக் கையெழுத்திடும் திட்டம் ஒன்று உண்டு. தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், தாளுக்கு அடியில் வழுக்காத விரிப்பு, நெரிசலுக்கு முன் வகுப்பைவிட்டுக் கிளம்ப ஐந்து நிமிடம், நாள் முழுவதும் பக்கத்தில் வெர்னா. அதற்காக வெர்னா தினமும் ஒரு தாளை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கட்டங்கள்: தானாகவே, சொன்னபின், உதவியோடு.

நான்கு வருடமும் வெர்னா பெரும்பாலும் முதல் கட்டத்தில்தான் குறி போட்டாள். தாளை முழங்கையால் அழுத்திப் பிடித்தாள், எழுதியது டில்டாதானே? கால்தாங்கி மாட்டிய பாதம் பனிக்காலணிக்குள் நுழையக் குதிகாலைத் தள்ளிவிட்டாள். நுழைந்தது டில்டாவின் கால்தானே? ஒரு குழந்தைக்குச் செய்ததை எழுதி வைப்பதா? அதற்கு ஊர் நடுவில் தமுக்கடிக்கலாம்.

ஏப்ரலில், சிறப்புக் கல்வி ஆசிரியர் ப்ரூயிட் அந்தத் தாள்களை எல்லாம் கூட்டிப் பார்த்தார். எண்ணைக் கண்டால் முகம் மலர்கிற மனிதர். திட்டக் கூட்டத்தில் டில்டாவும் அவள் அம்மா ரோசானும் உட்கார்ந்திருக்க, புதிய திட்டத்தின் வரைவை மேசைமேல் வைத்தார்.

"தொண்ணூத்தாறு சதவீதம் தானாகவே! அமோக முன்னேற்றம். அதனால செப்டம்பர்ல இவ போற நடுநிலைப் பள்ளியில கூடுதல் நேரம் வேண்டாம், உதவியாளரும் வேண்டாம்னு எழுதியிருக்கேன். சந்தோஷமான விஷயம்தானே?"

ரோசானின் முகத்தில் சந்தோஷம் இல்லை. "சார், அது மூணு மாடிக் கட்டடம். வீட்டுல இவ சட்டைக்குப் பொத்தான் போடறதுக்குள்ள நான் ஒரு பாத்திரம் பாஸ்தா வேகவச்சு இறக்கிடுவேன். பள்ளிக்கூடத்துல மட்டும் எப்படித் தொண்ணூத்தாறு?"

"தாள் அப்படித்தாங்க சொல்லுது."

எல்லோரும் வெர்னாவைப் பார்த்தார்கள். அவள் தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் செப்டம்பரில் இந்தப் பெண் மூன்று மாடிக்கு நடுவே தனியாக நிற்பாள். திறந்தாலோ, நான்கு வருடம் செய்ததை எல்லாம் நாலு பேர் முன்னால் பட்டியல் போட வேண்டும். அதற்குப் பதில் துணியைக் களைந்து நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பாள்.

"தாள் தப்பு," என்றாள். "நான்... குதிகாலக் கொஞ்சம்..."

"கேக்கல மிஸ்," என்றாள் டில்டா.

"குதிகாலத் தள்ளிவிட்டேன். தினமும். காகிதத்தப் பிடிச்சுக்கிட்டேன். ஜிப்பு, பொத்தான், பை. படியில பின்னாலருந்து இடுப்பப் பிடிச்சேன்."

"பென்சில்?" என்றாள் டில்டா.

"சீவினேன்."

"மூக்கு?"

"ஒரே ஒரு தடவைடி! சளி பிடிச்சிருந்துச்சு!"

ரோசான் சிரிப்பை அடக்கினாள். ப்ரூயிட் திகைத்துப் போனார். "அப்ப சரியான எண் என்ன? ஒரு எண்ணாவது இல்லாம நான் எப்படி எழுதறது?"

"எண்தானே வேணும்?" டில்டா கழற்றி வைத்திருந்த தன் பனிக்காலணிகளைக் காட்டினாள். ஏப்ரலிலும் வெளியே முழங்கால் பனி. "கடிகாரத்தப் பாருங்க சார். மிஸ் வெர்னா, கையப் பாக்கெட்டுல போடுங்க. ரெண்டு கையும்."

இடது காலில் மாட்ட எட்டு நிமிடம். வலது காலுக்குப் பதினொன்று. நடுவில் காலணி இரண்டு முறை மேசைக்கடியில் ஓடியது. வெர்னாவின் கைகள் பாக்கெட்டுக்குள் பூனைக்குட்டிகளைப் போல நெளிந்தன. "மிஸ், முழங்கையும் உள்ளதான் இருக்கணும்," என்றாள் டில்டா, மூச்சு வாங்கியபடி.

"பத்தொன்பது," என்று ப்ரூயிட் எழுதிக்கொண்டார்.

"பள்ளி விடுற மணிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒன்பது நிமிஷம்தான்," என்றாள் ரோசான். வரைவின் குறுக்கே ப்ரூயிட் ஒரு கோடு கிழித்தார்.

கூடுதல் நேரம் திரும்ப வந்தது. உதவியாளரும்தான். புதிய பள்ளிக்கு வெர்னாவே கூடப் போகலாம் என்று ஆயிற்று. கையெழுத்துப் போடும் நேரத்தில் டில்டா கையைத் தூக்கினாள்.

"இன்னும் ஒண்ணு எழுதணும் சார். பென்சில நானே சீவுவேன். பால் டப்பாவ நானே திறப்பேன். சாப்பாட்டு மேசையில மிஸ் வெர்னா என் பக்கத்துல உக்காரக் கூடாது. அவங்க இருந்தா யாரும் கெட்ட வார்த்தை பேச மாட்டேங்குறாங்க."

"டில்டா!" என்றாள் ரோசான்.

"கடைசி வரிய விட்டுட்டு மீதிய எழுதுங்க," என்றாள் வெர்னா. அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேட்டதில் தவறில்லை. தேவையில்லாத இடத்தில் நீளும் கை, மற்றவர் வேலையைப் பிடுங்கும் கை. முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

அடுத்த இரண்டு வாரம் தாளை உள்ளபடி நிரப்ப வேண்டும் என்பது ப்ரூயிட்டின் நிபந்தனை. திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில், மூன்று மேசை தள்ளிச் சுவரோரம் நின்றாள் வெர்னா, தாளும் பேனாவுமாக. டில்டா பால் டப்பாவின் மூலையைப் பல்லால் கடித்து, இடது கையால் கிழித்தாள். பாதிப் பால் உள்ளே போனது, பாதி மடியில். தோழிகள் கைதட்டினார்கள். வெர்னா பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், எந்தக் கட்டம்?" என்று டில்டா அங்கிருந்தே கத்தினாள்.

"தானாகவே."

"கொட்டினதுமா?"

"கொட்டினதும் நீதானேடி," என்று சொல்லிக் குறி போட்டாள் வெர்னா.