எட்டு சால்

ரஸ்மியின் கண்ணில் பட்ட யாரும் டீ குடிக்காமல் அவர் வாசலைக் கடந்ததில்லை. மின்கட்டணப் பாக்கி கேட்டு வந்தவர், பெண் கேட்டு வந்தவர், வீட்டைச் சோதனை போட வந்த சிப்பாய்கள் என்று எல்லோருக்கும் ஒரே டீதான். வாசனைக்கு மரமிய்யா இலை கிள்ளிப் போட்டு, கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை. சிப்பாய்கள் மெத்தையைக் கிழித்துவிட்டு டீயைத் தொடாமல் போனதில் அவருக்கு இன்றும் வருத்தம். மெத்தைக்காக அல்ல.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் மணி அடித்தவர். மனைவி இஸாஃபின் வேலை அவரைத் திட்டுவது. கல்யாணமாகி முப்பத்து நாலு வருடம். ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை.

மேற்குக் குன்றில் அவர்களுக்கு மூன்று துனம் கோதுமை நிலம், பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு. வரப்பு முடிகிற இடத்தில் யூதக் குடியேற்றத்தின் வேலி. இரண்டு வருடமாக ராணுவம் அங்கே போக அனுமதி தரவில்லை. மூன்றாம் வருடம் ஒரு காகிதம் வந்தது: தொடர்ந்து உழப்படாத காரணத்தால் இது அரசு நிலம். ஹீப்ரு தெரிந்த பக்கத்து வீட்டுக்காரன் நான்தான் படித்துச் சொன்னேன். உழக் கூடாது என்றதும், ஏன் உழவில்லை என்று கேட்டதும் ஒரே அலுவலகம். கையெழுத்தாவது வேறாக இருக்கும் என்று பழைய காகிதத்தைத் தேடி எடுத்தேன். அதுவும் ஒன்றுதான்.

வழக்கறிஞர் நோகா ஜெருசலேமிலிருந்து வந்து போகிற யூதப் பெண். நாலு மாதம் மல்லுக்கட்டி ஒரு காலை நேரத்தை வாங்கித் தந்தாள். ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை உழலாம். காவலுக்கு மூன்று சிப்பாய்கள். வியாழக்கிழமை அதிகாரி வந்து அளப்பார். பாதிக்கு மேல் உழுதிருந்தால் நிலம் ரஸ்மிக்கு.

"வேற எதையும் பாக்காதீங்க அபூ நிஹாத். உழுங்க, அவ்வளவுதான்," என்றாள் நோகா, ரஸ்மியை எங்கள் ஊர் வழக்கப்படி மூத்த மகன் பெயரால் அழைத்து.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு, கழுதையைக் கலப்பையில் பூட்டுவதற்கு முன்னால் ரஸ்மி சுள்ளி பொறுக்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றே?" என்றாள் இஸாஃப்.

"நம்ம நிலத்துல மூணு பேர் நிக்கிறாங்க. அவங்க முன்னால நாம மட்டும் எப்படிக் குடிக்கிறது?"

"துப்பாக்கியோட நிக்கிறாங்கய்யா. விருந்துக்கா வந்திருக்காங்க?"

"துப்பாக்கி வச்சிருந்தா தொண்டை காயாதா?"

"ஊத்து, உலகத்துக்கே ஊத்து. நிலத்தை உன் தாத்தா எந்திரிச்சு வந்து உழுவாரு."

மூவரில் சார்ஜென்ட் மட்டும் டம்ளரை வாங்கிக்கொண்டான். இனிப்பு தாங்காமல் முகத்தைச் சுளித்து, ஆனாலும் முழுக்கக் குடித்து, அரபியில் நன்றி சொன்னான். ரஸ்மிக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்.

பிறகு கழுதையும் அவரும் நிமிரவே இல்லை. பின்னாலேயே இஸாஃப், மடியில் விதைக் கோதுமையோடு, வாயில் வசவோடு. பதினொன்றரைக்குப் பாதியை நெருங்கிவிட்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் முகத்தை மூடிக்கொண்டு தடியோடு இறங்கி வந்தார்கள். ரஸ்மி கத்தினார். இஸாஃப் ஓடினாள், விதை சிந்தாமலிருக்க மடியை இரண்டு கையாலும் பிடித்தபடி. கை சும்மா இருந்திருந்தால் தலையை மறைத்திருப்பாள். தடி விழுந்த பிறகும் மடியை விடவில்லையாம். நான் போய்ப் பார்த்தபோது கோதுமை ரத்தத்தில் ஊறிப் பருத்திருந்தது. இதற்கு ஒரு கிண்டல் வாக்கியம் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஐந்து பேரும் நடந்துதான் திரும்பிப் போனார்கள். சிப்பாய்கள் யாரையும் பிடிக்கவில்லை. காலையில் டீ குடித்த அதே சார்ஜென்ட் ரஸ்மியிடம் வந்தான். "இந்த இடத்துக்குத் தடை போட்டாச்சு. பத்து நிமிஷத்துல நீங்க வெளியேறணும்."

நாப்லுஸ் ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் இஸாஃப் கண் திறந்தாள். காது கேட்கிறது, பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். பதினோராம் நாள் நோகா வந்தாள்.

"அளந்துட்டாங்க அபூ நிஹாத். நூத்துக்கு நாப்பத்தேழு. பாதியைத் தாண்டல."

"எத்தனை உழவுச் சால் குறையுது?"

"அதை எதுக்குக் கேக்குறீங்க?"

"சொல்லும்மா."

"எட்டு."

ரஸ்மி விரலை மடக்கி எண்ணினார். அந்தக் கழுதைக்கு எட்டு சால் எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியும். கட்டிலருகே குனிந்தார்.

"இஸாஃப், நிலம் போச்சு. எட்டு சால்தான் குறைஞ்சுதாம். கால் மணி நேர வேலை."

அவள் அவரையே பார்த்தாள்.

"அந்த டீ நேரம்தான்டி. திட்டு. ஒரு வார்த்தை திட்டேன்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நோகா கையிலிருந்த காகிதத்தை மடிக்க மறந்து நின்றாள். வந்தவளுக்கு ஒரு டீ வாங்கி வரவேண்டும் என்று ரஸ்மிக்குத் தோன்றவே இல்லை.