சின்னத்துரை அண்ணையின் வேலி

“…என்ர வேலியில ஒரு கதியால் சரிஞ்சாலும் வழக்குப் போட்டுக் கோட்டிலைதான் சந்திப்பம், விளங்கிச்சோ?” என்று சின்னத்துரை அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். என் பழைய ஒஸ்ரின் கார் அவருடைய வேலியை உரசியபடி நின்றது.

புளியங்கூடலில் வேலிகளுக்கு நடுவே ஓடும் அந்த ஒழுங்கை குட்டியானது, இரண்டு கார் விலக இடமில்லாதது. ஆனால் வளைவுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது காணிக்காரர்கள் கதியால் தடிகளை அரை முழம் அரை முழமாக வெளியே தள்ளி நட்டதால் வந்த வளைவுகள் அவை. அதிகம் தள்ளியவர் அண்ணைதான். கார் பழகிய புதிதில், ஒரு வேலையும் இல்லாமல் பின்னேரங்களில் அதில் வளைந்து வளைந்து ஓடுவதுதான் என் சந்தோசம்.

அன்று அண்ணை அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே எதிரே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எனக்கோ அந்த வளைவுகளில் முன்னுக்கு ஓடத்தான் தெரியும். பின்னுக்கு எடுக்க வராது.

“என்ர மகளுக்கு இனித் தாங்கேலாது, அண்ணை,” என்று அவளுடைய தாய் அழுதாள்.

அண்ணை வீட்டுக்குள் ஓடிப்போய்க் கத்தியோடு வந்து வேலிக் கட்டுகளை வெட்டினார். கதியால்களைத் தானே பிடுங்கி எறிந்தார்.

“வளவுக்குள்ளை விடும், தம்பி. மிளகாய்க் கண்டுகளைப் பாராதையும்.”

கன்றுகளை மிதித்து நான் ஒதுங்க, அந்தக் கார் போய்விட்டது. அதுவரை அந்த மனிதரை நான் வேலியை வைத்துத்தான் அளந்திருந்தேன்.

தாயும் பிள்ளையும் சுகமென்று காலையில் செய்தி வந்தது. அண்ணை என்னைக் கூப்பிட்டு, காரை ஒழுங்கையில் நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் இன்னொரு கார் போக இடம் விட்டு, முதல் கதியாலை நட்டார்.