கஸானின் விளிம்பில் ஆடு

என் நாத்தனார் பெகாயிமைப் பற்றித் தலைநகரில் ஆகா ஓகோ என்பார்கள். கிர்கிஸ் மண்ணின் முகத்தையே படம்பிடிக்கிறாளாம். புகழ்ந்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கென்ன! அவளோடு ஒரே கூரையின் கீழ் குப்பை கொட்டுகிறவள் நான்.

புருஷனோடு ஒத்துவரவில்லை என்று அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேமராவும் கையுமாக நாரின் வட்டாரத்து மலைப்பக்கமெல்லாம் அலைகிறாள். கல்யாணம், தொட்டில் போடுவது, இழவு எதையும் விடமாட்டாள். ஒப்பாரிக் கூடாரத்துக்குள் வேற்றாள் நுழைந்தால் பெண்கள் முறைப்பார்கள். இவளை மட்டும் விட்டுவிடுவார்கள். யாரையும் இப்படித் திரும்பு, அப்படி நில் என்று சொல்லமாட்டாள், அதனால்தான். ஒரு வெளிநாட்டுக்காரன் கிழவர்களின் டிராக்சூட்டைக் கழற்றிப் பழைய அங்கியை மாட்டச் சொன்னான். "அவங்க எத மாட்டிக்கிட்டு வந்தாங்களோ அதுதான் எங்க உடுப்பு" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடிவாதம் ரொட்டி போடுமா?

அந்த வருஷம் நூருஸ் என்ற வசந்தப் பண்டிகைக்கு எங்கள் ஊருக்கும் மேலூருக்கும் கோக்-போரு ஆட்டம், குதிரைமேல் இருந்தபடி தலை வெட்டிய ஆட்டுடலுக்காக மல்லுக்கட்டுவது. தலைநகரில் போடப்போகும் பெரிய ஆல்பத்துக்காக அதை எடுக்க வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஷப்தான்தான் எங்கள் அணிக்குத் தலைவர். அவருடைய கறுப்புக் குதிரையைப் பற்றி நான் சொல்லவேண்டும். குட்டியாக இருந்தபோது தாய்க்குதிரை செத்துப்போக, நான் பாட்டில் பிடித்து வளர்த்த பிள்ளை அது. அது இல்லாவிட்டால் இந்த ஊரில் அவர் வெறும் ஷப்தான்தான்.

ஆட்டம் முடிய ஒரு மூச்சு நேரம். இரண்டு பக்கமும் சமம். ஆட்டுடலைத் தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு இவர் பாய்ந்தார். எதிராளியின் கஸான் என்பது மண்ணால் எழுப்பிய வட்டத்தொட்டி. குதிரைமேல் இருந்தபடியே அதற்குள் ஆட்டை எறியவேண்டும். இவர் எறிந்தார். அதே நொடியில் மேலூர்க் குதிரைகள் வந்து மோத, இவர் அந்தப் பக்கம் உருண்டு விழுந்தார். ஒரே புழுதி. அடங்கியபோது ஆடு தொட்டிக்குள் கிடந்தது.

எங்கள் ஊர் ஆர்ப்பரித்தது. மேலூர்த் தலைவன் எமில்பெக் சவுக்கை வீசி எறிந்தான்.

"யாரு கண்ணுல மண்ணத் தூவுறீங்க? கீழ நின்னு எவனோ கையால தள்ளிவிட்டிருக்கான்!"

நடுவர் கல்முரத் பெரியவர் தாடியைத் தடவினார். "புழுதில எனக்கு ஒண்ணும் தெரியலப்பா."

இரண்டு ஊர் ஆட்களும் குதிரையோடு நெருக்கினார்கள். சவுக்குகள் உயர்ந்தன. என் மனுஷர் சும்மா இருப்பாரா? உதட்டில் ரத்தம் வழிய, மறுபடி குதிரை ஏறி அங்கவடியில் எழுந்து நின்று கத்தினார்.

"என் தங்கச்சி அங்கதான் நின்னா! அவ கேமராவக் கேளுங்க. நான் எறிஞ்சது உள்ள விழலேன்னா, இந்தக் குதிரை ஒங்களோடது!"

ஐயோ, பாவி மனுஷா! இத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தையை இனி விழுங்க முடியுமா?

நான் பெகாயிமிடம் ஓடினேன். அவள் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஆடு கஸானின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. குதிரையிலிருந்து விழுந்த எங்கள் ஊர்த் தோலோன் தரையில் மண்டிபோட்டு இரண்டு கையாலும் அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். இவர் மறுபக்கம் விழுந்து கிடந்ததால் எதையும் பார்க்கவில்லை.

"அழிச்சிடு," என்றேன்.

"அண்ணி..."

"பேட்டரி செத்துப்போச்சுன்னு சொல்லு. புழுதி அடைச்சிருச்சுன்னு சொல்லு. யாருடி கேக்கப்போறா? ஒங்கண்ணன் குதிரைடீ! ஒன்ன வீட்டுல வச்சு சோறு போட்டவரு!"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். வாயில் வந்துவிட்டது. அவள் விரல் அழிக்கிற அந்தச் சின்னப் பொத்தான்மேல் போய் நின்றது. கூட்டம் எங்களை நோக்கித் திரும்பி வந்தது. முன்னால் இவர், சிரித்த முகமாக. தங்கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

"காட்டும்மா, இவனுங்க வாய அடை!"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "மொதல்ல நீ பாருண்ணா," என்று கேமராவை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தோலோன் கூட்டத்துக்குப் பின்னால் மெல்ல நழுவினான். அழிக்கவேண்டுமானால் இப்போது அவரே அழிக்கலாம். அழிக்கட்டுமே என்று நான் அல்லாவை வேண்டிக்கொண்டேன், உள்ளதைச் சொல்கிறேன்.

அவர் கேமராவை நடுவரிடம் நீட்டினார். "விழல, பெரியவரே."

கீழே இறங்கிச் சேணத்தின் வாரை அவிழ்த்தார். எமில்பெக்கின் குரலே மாறிப்போயிற்று. "விடு ஷப்தான், ஆட்டந்தானே? கோவத்துல சொன்னத யாரு புடிச்சுக்கிட்டுத் தொங்குறா?"

"நான் தொங்குறேன்பா," என்று கடிவாளத்தை அவன் கையில் திணித்தார்.

பிறகு சேணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே தங்கை முன்னால் வந்து நின்றார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எடு," என்றார்.

"வேணாம்ணா. மாட்டேன்."

"ஊரூராப் போயி தோத்தவன், புருஷனப் பறிகொடுத்தவ, எல்லாரையும் எடுத்தே. ஒன் அண்ணன மட்டும் விட்டுட்டா நாளைக்கு அவங்க மொகத்துல எப்படி முழிப்பே? எடுடி!"

எடுத்தாள். உதட்டு ரத்தத்தை அவர் துடைத்துக்கொள்ளவில்லை, அவளும் துடைக்கச் சொல்லவில்லை.

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தப் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் நானும் இருக்கிறேன், வாயைப் பிளந்து அவளைத் திட்டிக்கொண்டு. "அந்த ஓரத்த மட்டும் வெட்டிவிடேன்டி" என்று கெஞ்சினேன், மாட்டேன் என்றுவிட்டாள். பின்னால் எமில்பெக் குதிரையை மேலூர்ப் பக்கம் இழுக்கிறான். அது கழுத்தைத் திருப்பி, போகமாட்டேன் என்று எங்களைப் பார்க்கிறது.