பூட்டிவிட்டு வந்த கொட்டகை

2006 கோடை. அப்போது நாங்கள் ஹைதராபாத் மல்காஜ்கிரியில் குடியிருந்தோம். உப்பலைத் தாண்டி வாங்கிப்போட்ட நிலத்தில் இருபத்து மூன்று ஆடுகள் வளர்த்தோம். ஐடி கம்பெனிகள் வர வர மனை விலை ஏறும், அதுவரை நிலம் சும்மா கிடக்க வேண்டாமே என்பது என் யோசனை. யோசனைக்கு என்னிடம் என்றைக்கும் குறைச்சல் கிடையாது.

பக்கத்துக் குடிசையில் ஒரு தெலுங்குக்காரப் பெண்மணி தனியாக இருந்தார். எங்கள் ஆடுகளுக்குப் புல் அறுத்துப் போடுவது அவர்தான். ஏப்ரலில் ஒரு குட்டி காணாமல் போனது. அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய பூட்டாக ஒன்று வாங்கிவந்து கொட்டகைக் கதவில் போட்டேன். காலையில் தீவனமும் தண்ணீரும் வைத்துவிட்டுப் பூட்டினால், மாலையில் நான் போய்த்தான் திறக்க வேண்டும்.

"சாவியை அந்தம்மாகிட்ட குடுத்துட்டு வாயேன், அவசரத்துக்கு ஆகும்ல" என்றார் கணவர்.

"நல்லா இருக்கே! பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கச் சொல்றீங்களா?" என்றேன்.

மே மாதம் ஒரு நாள், மூன்று மணிக்கே வானம் இருண்டது. பேய்க்காற்று, கூடவே ஆலங்கட்டி மழை. வழியெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்ததால், ஸ்கூட்டரில் நாங்கள் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது.

கூரைத் தகடுகள் வயலெங்கும் சிதறிக் கிடந்தன. ஒரு பக்கச் சுவர் உள்பக்கமாக இடிந்து விழுந்திருந்தது. கதவு மட்டும் பூட்டியபடியே நின்றது. அதன் முன்னால் அந்தப் பெண்மணி சேற்றில் உட்கார்ந்திருந்தார். விரல்களில் ரத்தம். பக்கத்தில் ஒரு பெரிய கல்.

"தாளம் ராலேதம்மா" என்றார். பூட்டு திறக்க வரவில்லையாம். காற்று கிளம்பியதுமே ஓடிவந்து, சுவர் விழும்வரை கல்லால் பூட்டை அடித்திருக்கிறார். விழுந்தபிறகு இடிபாட்டுக்குள் நுழைந்து, உயிரோடு இருந்த பத்து ஆடுகளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். சுவரோரம் ஒண்டிய பன்னிரண்டும் செத்துவிட்டன.

சாவி என் கைப்பையில் இருந்தது. எதற்கென்றே தெரியாமல் எடுத்துப் பூட்டில் போட்டேன். ஒரே திருப்பில் திறந்துகொண்டது. அப்போதுதான் அழுகை வந்தது.

அவர் என்னை அழவிடவில்லை. கையில் ஒரு சாக்கைக் கொடுத்து, நடுங்கிய ஆடுகளைத் துடைக்கச் சொன்னார். "இன்னிக்கு மட்டும் இதுகளை அவங்க குடிசையில கட்டலாமா, கேளு" என்றார் கணவர். கேட்கத் திரும்பிப் பார்த்தேன். குடிசை இருந்த இடத்தில் நான்கு கம்புகள்தான் நின்றன. அரிசி, பாய், துணி எல்லாம் மழைத் தண்ணீரில் கிடந்தன.

கூரைக்கும் பாத்திரங்களுக்கும் எங்களால் முடிந்ததைச் செய்தோம். பூட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த அளவுக்குத் தெலுங்கு வராதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புல்லுக்குப் பேரம் பேச மட்டும் நன்றாகவே வந்தது.

காணாமல் போன குட்டி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் வெளியே கிளம்பும்போது பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன் இல்லையா, அப்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது. யாருக்குப் பயந்து அன்று பூட்டினேனோ, அவர்தானே தன் கூரையைக் காற்றுக்கு விட்டுவிட்டு என் ஆடுகளுக்காக ஓடிவந்தார்.