எஸ்தர் டாக்டரும் பன்றிக்குட்டியின் பெருங்குடலும்

எஸ்தர் டாக்டர் இறந்துபோனதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் சொல்லின. கையில் மூடி போட்ட வாளியோடு நின்றேன். துட்டி வீட்டுக்கு, சாவு நடந்த வீட்டுக்கு, கஞ்சி கொண்டுபோவது நம்மூர் வழக்கம். ஒரு அக்கா, "நல்ல காரியம் செய்தீங்க" என்று நான் தடுப்பதற்குள் வாளியை வாங்கி அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டார். உள்ளே மூடியைத் திறந்ததும் ஒரு கூச்சல். வாளியில் இருந்தது கழுவிய பன்றிக்குடல். பார்க்கணும் என்று கொண்டுவரச் சொன்னதே டாக்டர்தான். அவர் வீட்டுக்காரர் வந்து, "அவ எங்கிட்ட சொன்னதுதான், எனக்குத் தெரியும்" என்று வாளியைத் திருப்பித் தந்தார். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ரப்பர் மரத்தடியில் புதைத்தேன்.

கருங்கல் பக்கம் பன்றி வளர்க்கிற உங்கள் எல்லோருக்கும் கால்நடை டாக்டரான அவரைத் தெரியும். ஆனால் என் அளவுக்கு அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள் இருக்க மாட்டீர்கள். பால் மறந்த குட்டிகளுக்கு வாழைத்தண்டைக் கூடை கூடையாய்ப் போட்டவன் நான். பெற்ற தள்ளைப்பன்றி அதைத் தின்று கொழுத்ததே, குட்டிக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். குட்டிகள் கழிந்து கழிந்து பாதி செத்தன. தொழுவத்தை மூடிவிடச் சொன்னாள் என் மனைவி. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பல்லு முளைக்கதுக்கு முன்ன உங்க பிள்ளைக்குக் கரும்பு குடுத்தியளா அண்ணே?" என்றார்.

பிறகு ஒரு கம்பால் மண்ணில் சுருள் ஒன்று வரைந்தார். பெருங்குடல் அப்படிச் சுருண்டு கிடக்குமாம். குட்டிக்கு அது சின்னது. நார் உள்ளே போகப் போக, அதைப் புளிக்கவைக்கிற கிருமிகள் குடியேறி, குடலும் பெருக்குமாம். நான் தலையை ஆட்டினேன். நார் தின்றால்தான் குடல் வளரும். குடல் வளர்ந்தால்தான் நார் செரிக்கும். அப்படியானால் எதை முதலில் செய்வது? இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். அன்றைக்குக் கேட்டேவிட்டேன், எவ்வளவு போடணும் என்று.

"தெரியல அண்ணே. கொஞ்சம் போட்டுப் பாப்போம்."

படித்தவர் ஒருத்தர் தெரியல என்று சொன்னதும் எனக்குப் பயமாகிவிட்டது. அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்குத் தண்டைப் பொடியாய் நறுக்கி, ஒரு கைப்பிடியில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து டாக்டர் பட்டுச்சேலையோடு நேரே தொழுவத்துக்கு வந்து, குச்சியால் சாணத்தைக் கிளறிப் பார்ப்பார். வெட்டும்போது குடலைக் கொண்டுவாங்க, நாம நினைச்சபடி வளர்ந்துதான்னு பாக்கணும் என்றார். ஒரு குட்டியும் சாகவில்லை. அது தண்டாலா, கூடவே அவர் கொடுத்த மருந்தாலா? அதைச் சொல்லாமலே போய்விட்டார்.

இப்போது மூன்றாவது ஈற்று. அதே கைப்பிடிதான் போட்டேன். இரண்டு குட்டிகளுக்குக் கழிச்சல். நிறுத்தணுமா, குறைக்கணுமா என்று என் மகள் ஷீபா கேட்டாள். டாக்டரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது ஒரே பேச்சுதான். அதையே எடுத்துச் சொன்னேன்.

"தெரியல மக்கா. பாதியாக் குறைச்சுப் பாப்போம்."

அவள் பாதியை அள்ளித் தொட்டியில் போட்டாள். குட்டிகள் முட்டிமோதித் தின்றன. இனி யாருகூடப் பாக்க என்பதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.